கரெல் ப்ரூக்னர்: பெரிய பயிற்சியாளரா, நல்ல தலைமுறை வாய்த்த அதிர்ஷ்டசாலியா?

கேள்வி இதுதான்: 2002 முதல் 2008 வரை செக் குடியரசு கால்பந்து அணியை நடத்திய கரெல் ப்ரூக்னர் உண்மையிலேயே பெரிய பயிற்சியாளரா? இல்லை, நெட்வெட், கொல்லர், ரொசிட்ஸ்கி, பீட்டர் செக் என்று ஆட்கள் வரிசையாகக் கிடைத்ததால் பெயர் வாங்கியவரா? அவ்வளவு நல்ல அணியை வைத்துக்கொண்டு ஏன் ஒரு கோப்பைகூட வரவில்லை?

முதல் பாதிக்கு என் பதில்: பெரிய பயிற்சியாளர்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டாம் பாதிக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. அதற்கு ஒரு கார்னர் கிக், ஒரு முழங்கால், ஒரு தொடைத் தசை, பீட்டர் செக்கின் கையிலிருந்து நழுவிய ஒரு பந்து என்று நாலைந்து கதைகள் சொல்ல வேண்டும்.

"நல்ல வீரர்கள் கிடைத்தார்கள்" என்பதை முதலில் பார்த்துவிடலாம். ப்ரூக்னருக்கு முன் 1998 முதல் 2001 வரை பொறுப்பில் இருந்தவர் யோசெஃப் ஹொவனெட்ஸ். நெட்வெட், பொபோர்ஸ்கி, கொல்லர், ஷ்மிட்சர், ரொசிட்ஸ்கி எல்லோரும் அவரிடமும் இருந்தார்கள். 2000 ஐரோப்பியக் கோப்பையில் நெதர்லாந்தும் பிரான்சும் இருந்த குழுவில் மாட்டி, இரண்டிடமும் தோற்று, முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். அடுத்து 2002 உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதி மோதலான பிளே-ஆஃபில் பெல்ஜியத்திடம் இரண்டு ஆட்டங்களிலும் 0-1. ஹொவனெட்ஸ் போனார், ப்ரூக்னர் வந்தார். அதற்குப் பிறகு இந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஆடியது. முதுகெலும்பான ஆட்கள் பெரும்பாலும் பழையவர்களே. மாறியது பெஞ்சில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைதான்.

அந்த நரைத்த தலைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கிளெகி-பெத்ரா. ஜெர்மன் எழுத்தாளர் கார்ல் மாய் எழுதிய செவ்விந்தியக் கதைகளில் வரும் வெள்ளை முடிக் கிழ ஆசான் அவர். செக் நாட்டில் அந்தக் கதைகளைப் படித்து வளராத பையன்கள் குறைவு என்பதால், பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

ப்ரூக்னர் 1939 நவம்பரில் மொராவியப் பகுதியின் ஒலமோட்ஸ் நகரத்தில் பிறந்தவர். முன்கள வீரராக ஆடியவர். ஆனால் ஆட்டக்காரராக நாடு அறிந்த பெயர் இல்லை. பயிற்சியாளர் வாழ்க்கையும் அப்படித்தான் தொடங்கியது. பிராகின் ஸ்பார்த்தா, ஸ்லாவியா போன்ற பெரிய கிளப்புகளின் வாசலை அவர் மிதிக்கவில்லை. ஒலமோட்ஸ், ப்ரனோ, ஸ்லோவாக்கியப் பக்கம் பெட்ர்ஜால்கா, ஜிலினா, பின்னால் இன்டர் பிராத்திஸ்லாவா, ட்ர்னோவிட்செ என்று ஊர் ஊராகச் சுற்றினார். நடுநடுவே சொந்த ஊர் அணியான சிக்மா ஒலமோட்ஸுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். தேசிய அணி கையில் வந்தபோது அவருக்கு வயது 62. அந்த வயதில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிறிய கிளப்பில் வேலை பார்ப்பவருக்கு ஒரு விஷயம் தானாகவே பழகிவிடும். நட்சத்திர வீரரை வாங்கக் காசு இருக்காது; இருப்பவர்களில் யாரால் எந்த ஒரு காரியத்தை மட்டும் நன்றாகச் செய்ய முடியும் என்று பார்த்து, அதை வைத்து ஆட்டத்தைக் கட்ட வேண்டும். கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி பந்து நின்றிருக்கும் தருணங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே எதிரணியின் விலை எவ்வளவு என்பது அத்தனை முக்கியமில்லை. ப்ரூக்னர் இந்தக் கலையில் தேர்ந்தவர் என்று செக் நாட்டில் பெயர் எடுத்தார். அதற்கான சான்று ஐரோப்பியக் கிளப்புகளுக்கான 1991-92 யூஃபா கோப்பை. ஹபல், லாத்தல் போன்ற இளைஞர்களை வைத்துக்கொண்டு சிக்மா காலிறுதி வரை போனது. வழியில் ஹாம்பர்கை அவர்கள் ஊரில் 2-1, சொந்த ஊரில் 4-1 என்று இரண்டு முறையும் வென்றார்கள். காலிறுதியில் ரியல் மாட்ரிட். ஒலமோட்ஸில் 1-1, மாட்ரிட்டில் 0-1. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரின் கிளப், ரியல் மாட்ரிட்டிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

அப்புறம் 1990களின் இறுதியில் செக் நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணி அவர் கைக்கு வந்தது. 2000இல் ஸ்லோவாக்கியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் இறுதிவரை கொண்டுபோனார். இறுதியில் இத்தாலியிடம் 1-2 என்று தோல்வி. இத்தாலியின் இரண்டு கோலையும் போட்டவர் ஆந்த்ரேயா பிர்லோ என்ற பையன். பின்னால் பெரிய அணியில் ப்ரூக்னர் தயங்காமல் இறக்கிய பல பேரை அவர் ஏற்கனவே இங்கே பார்த்துப் பழகியிருந்தார். சிக்மா கிளப்பிலிருந்து வந்தவர்களும் அவர் அணியில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்: உய்ஃபலுஷி, ரொஸெஹ்னால், கொவாச், ஹெய்ன்ஸ். சொந்த ஊர்ப் பாசம் என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். 2004இல் ஹெய்ன்ஸ் செய்ததைப் பார்த்தால் அந்த முணுமுணுப்புக்கு இடமில்லை, அதற்கு வருகிறேன்.

2002 பிப்ரவரியில், பொறுப்பேற்ற கையோடு, ஹங்கேரிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் 19 வயது கோல்கீப்பர் ஒருவரை இறக்கினார். பீட்டர் செக்தான் அந்தப் பையன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாரீஸ் போய் பிரான்சை 2-0 என்று தோற்கடித்தார்கள். 2004 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் 8 ஆட்டங்கள், 7 வெற்றி, 1 டிரா. அந்த டிராவும் ராட்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிராக வந்தது. பிராகில் திரும்ப ஆடியபோது நெதர்லாந்தை 3-1 என்று சாய்த்தார்கள். அந்த 20 ஆட்டத் தொடரை முடித்து வைத்தது அயர்லாந்து, 2004 மார்ச்சில் டப்ளினில், அதுவும் கடைசி நேரக் கோலில்.

இனி 2004 ஜூன் 19, போர்ச்சுகலின் அவெய்ரோ நகரம், ஐரோப்பியக் கோப்பையின் இரண்டாவது குழு ஆட்டம். ப்ரூக்னரைப் பற்றி யாராவது ஒரே ஒரு ஆட்டம் பார்க்கக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எதிரணி மறுபடியும் நெதர்லாந்து. 4ஆவது நிமிடத்தில் பௌமா தலையால் முட்டி ஒன்று. 19ஆவது நிமிடத்தில் வான் நிஸ்டல்ரூய் இன்னொன்று. இடது ஓரத்தில் ஆர்யென் ராபன் ஓடும் ஓட்டத்துக்கு வலது டிஃபென்டர் கிரிகெராவால் ஈடுகொடுக்க முடியவில்லை. 23ஆவது நிமிடத்தில் நெதர்லாந்து வீரர் கொக்கு தவறாகக் கொடுத்த பந்தைப் பிடித்து பாரோஷ் தள்ள, கொல்லர் ஒரு கோலைத் திருப்பினார். 2-1. பெரும்பாலான பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு, இடைவேளை வரை தாக்குப்பிடிக்கலாம் என்று நினைப்பார்கள். ப்ரூக்னர் 25ஆவது நிமிடத்தில் கிரிகெராவை வெளியே எடுத்தார். இன்னொரு டிஃபென்டரை இறக்கினாரா? இல்லை, தாக்கி ஆடும் மிட்ஃபீல்டரான ஷ்மிட்சரை இறக்கினார். ராபன் சேதம் செய்யும் பக்கத்தில் ஒரு தடுப்பாளரைக் குறைத்துவிட்டு, பந்தை அவர்கள் பாதியிலேயே வைத்துக்கொண்டால் ராபன் எதை வைத்து ஓடுவார் என்ற கணக்கு. கணக்குத் தப்பாகியிருந்தால் மறுநாள் பத்திரிகைகள் அவரைத் தோலுரித்திருக்கும்.

58ஆவது நிமிடத்தில் எதிர்பக்கம் ஒரு மாற்றம். நெதர்லாந்தின் டிக் அட்வகாட் 2-1 முன்னிலையைக் காப்பாற்றிக்கொள்ள, அன்று அணியிலேயே சிறப்பாக ஆடிக்கொண்டிருந்த ராபனை வெளியே எடுத்து, தடுத்தாடும் பாஸ்வெல்ட்டை இறக்கினார். இரண்டு பயிற்சியாளர்கள், இரண்டு மாற்றங்கள். ஆட்டம் முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டது. 71ஆவது நிமிடம்: நெட்வெட் உயரத் தூக்கிய பந்தைக் கொல்லர் மார்பால் மெதுவாக இறக்கிவைக்க, பாரோஷ் தரையில் படாமலே அடித்தார். ஹெய்டிங்கா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். நெட்வெட் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டது. 88ஆவது நிமிடத்தில் ஹெய்ன்ஸ் அடித்ததை வான் டெர் சார் தட்டிவிட, பொபோர்ஸ்கி அந்தப் பந்தைத் தானே அடிக்காமல் பக்கத்தில் நகர்த்தினார். அங்கே நின்று கோலுக்குள் தள்ளியவர், 25ஆவது நிமிடத்தில் உள்ளே வந்த ஷ்மிட்சர். 3-2.

அதற்கு முந்தைய ஆட்டத்திலும் லாட்வியாவிடம் பின்தங்கி, பாரோஷ், மாற்று வீரர் ஹெய்ன்ஸ் கோல்களில் 2-1 வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் குழுவின் முதலிடம் ஏற்கனவே உறுதி என்பதால், முக்கிய வீரர்களில் பெரும்பாலோரை உட்கார வைத்துவிட்டு ஜெர்மனியை எதிர்கொண்டார். அதிலும் பின்தங்கினார்கள். ஹெய்ன்ஸ் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார், உள்ளே வந்த பாரோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். ஜெர்மனி வீட்டுக்குப் போனது, செக் குடியரசின் இரண்டாம் வரிசை அணியிடம் தோற்று. மூன்று ஆட்டம், மூன்றிலும் முதல் கோலை வாங்கியது செக் அணி, மூன்றிலும் வென்றது. மூன்றிலும் மாற்று வீரர் ஒருவர் கோல் போட்டார். ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம்.

பாரோஷைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த சீசனில் லிவர்பூலில் கணுக்கால் முறிந்து, பாதி ஆண்டு ஆடாமல், திரும்பி வந்தும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் அவர். ப்ரூக்னர் அவரை விடவில்லை. காலிறுதியில் டென்மார்க்கை 3-0 என்று வென்றதில் இரண்டு கோல் அவருடையது. 5 கோல்களோடு போட்டியின் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். டென்மார்க் ஆட்டத்தின் முதல் கோல், பொபோர்ஸ்கியின் கார்னரைக் கொல்லர் தலையால் முட்டியது.

ஜூலை 1, போர்ட்டோ, அரையிறுதி, கிரேக்கம். தொடங்கிய சில நிமிடங்களில் ரொசிட்ஸ்கி அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 40ஆவது நிமிடத்தில் முழங்காலில் அடிபட்டு நெட்வெட் வெளியேறினார். முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். அவர் போனதும் செக் ஆட்டத்தின் தாளம் போய்விட்டது. பயிற்சியாளர் ஓட்டோ ரெஹாகலின் கிரேக்க டிஃபென்டர்கள் ஆளுக்கொரு செக் வீரரை விடாமல் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் கடைசி நொடிகளில் கிரேக்கத்துக்கு ஒரு கார்னர். முன்கம்பத்துக்கு அருகே டெல்லாஸ் தலையால் முட்டினார். அவ்வளவுதான். அப்போது "சில்வர் கோல்" என்று ஒரு விதி இருந்தது: கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருப்பவர் வென்றவர். திருப்பி அடிக்க 15 நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

கார்னர் கிக்குகளுக்காகவே பெயர் வாங்கிய மனிதர், ஒரு கார்னரில் போனார். இன்னொரு கொடுமையும் உண்டு. 1996 ஐரோப்பிய இறுதியில் செக் அணி ஜெர்மனியிடம் தோற்றது "கோல்டன் கோல்" விதியில், பியர்ஹாஃப் அடித்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு சோதனை விதிகள், இரண்டுக்கும் பலியானது ஒரே நாடு. 2004க்குப் பிறகு இரண்டையும் தூக்கிக் கடாசிவிட்டார்கள்.

கோப்பை ஏன் வரவில்லை என்றால், என் கணக்கில் வந்திருக்க வேண்டிய ஆண்டு 2004 ஒன்றுதான். அதில் ப்ரூக்னர் மேல் பெரிய குறை சொல்ல எனக்கு மனமில்லை. நெட்வெட் இல்லாத அணிக்கு இன்னொரு வழி தயாராக வைத்திருக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதே குறை பின்னால் கொல்லர் விஷயத்தில் பெரிதாக வந்து நின்றது.

யான் கொல்லர், 2 மீட்டருக்கு மேல் உயரம். 91 ஆட்டங்களில் 55 கோல். செக் அணிக்காக அதிகக் கோல் அடித்தவர். உயரம் என்றதும் தலையில் முட்டுபவர் என்று மட்டும் நினைக்கக் கூடாது. சிறுவயதில் கோல்கீப்பராகப் பயிற்சி பெற்றவர்; ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டில் ஆடும்போது கோல்கீப்பர் லேமன் சிவப்பு அட்டை வாங்க, பையர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவர். காலிலும் மார்பிலும் பந்தை அடக்கி, பின்னால் ஓடி வரும் நெட்வெட்டுக்கும் ரொசிட்ஸ்கிக்கும் பரிமாறுவதுதான் அவர் உண்மையான வேலை. ப்ரூக்னரின் திட்டம் மொத்தமும் அந்த ஒரு தூணில் சாய்ந்திருந்தது.

2006 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலேயே அது தெரிந்தது. நெதர்லாந்திடம் இரண்டு முறை தோற்று, குழுவில் இரண்டாமிடம். 2005 இலையுதிர் காலத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து கொல்லர் படுத்தார். பிளே-ஆஃபில் நார்வேயை வெல்ல, தேசிய அணியிலிருந்து விலகியிருந்த நெட்வெட் திரும்பி வர வேண்டியதாயிற்று. ஓஸ்லோவில் ஷ்மிட்சர், பிராகில் ரொசிட்ஸ்கி, இரண்டும் 1-0. 1993இல் தனி நாடான பிறகு செக் குடியரசு ஆடிய முதல் உலகக் கோப்பை அது. போட்டி தொடங்கும் முன் ஃபிஃபா தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்தார்கள்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷனில் அமெரிக்காவை 3-0 என்று உரித்தார்கள். 5ஆவது நிமிடத்திலேயே கொல்லர் தலையால் முட்டி ஒன்று, ரொசிட்ஸ்கி தூரத்திலிருந்து அடித்தது உட்பட இரண்டு. ஆனால் இடைவேளைக்குச் சற்று முன் கொல்லர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். பாரோஷுக்கும் காலில் காயம். அடுத்த ஆட்டத்தில் கானா இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்து, செக் அணியை ஓட ஓட விரட்டியது. 0-2, உய்ஃபலுஷிக்குச் சிவப்பு அட்டை. இத்தாலியிடம் இன்னொரு 0-2, இன்னொரு சிவப்பு அட்டை. முடிந்தது. முப்பதைத் தாண்டிய கால்கள், நடுவில் தூண் இல்லை, தூணில்லாமல் ஆட ஒரு திட்டமும் இல்லை. 2004இல் 25ஆவது நிமிடத்தில் துணிந்தவர், 2006இல் கொல்லருக்குப் பதிலாக அதே மாதிரி உயரமான லோக்வென்ட்ஸை நிறுத்தி, அதே பந்துகளைத் தூக்கிப் போடச் சொன்னார். என் பார்வையில் அவர் செய்த பெரிய தவறு இதுதான்.

நெட்வெட்டும் பொபோர்ஸ்கியும் விடைபெற்ற பிறகு, அவர் போய்விட்டிருக்கலாம். போகவில்லை. 2008 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜெர்மனியை முந்திக் குழுவில் முதலிடம் பிடித்தார். 2007 அக்டோபரில் மியூனிக்கில் ஜெர்மனியை 3-0 என்று வென்றதும் அதில் சேர்த்தி. நெட்வெட் இல்லாமல் இதைச் செய்தார் என்பதை "அதிர்ஷ்டசாலி" கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். ஆனால் போட்டிக்கு ரொசிட்ஸ்கி காயத்தால் வரவில்லை. சுவிட்சர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டம் கண்ணுக்கு இதமில்லாத ஆட்டம். கொல்லரை எடுத்துவிட்டு இறக்கிய ஸ்வெர்கோஷ் ஒரு கோல் போட, 1-0 என்று தப்பினார்கள். போர்ச்சுகலிடம் 1-3.

கடைசிக் குழு ஆட்டம், 2008 ஜூன் 15, ஜெனீவா, துருக்கி. இரு அணிகளும் எல்லாவற்றிலும் சமநிலை. டிரா ஆனால் குழு ஆட்டத்திலேயே பெனால்டி ஷூட்-அவுட் என்ற விசித்திர நிலை. கொல்லர், பிளாஷில் கோல்களில் 2-0. 75ஆவது நிமிடத்தில் அர்தா ஒன்றைத் திருப்பினார். 87ஆவது நிமிடத்தில் ஓரத்திலிருந்து வந்த சாதாரண உயரப்பந்து, மழையில் நனைந்த பந்து, கோல்கீப்பர் செக்கின் கையிலிருந்து வழுக்கி நிஹாத்தின் காலடியில் விழுந்தது. 89ஆவது நிமிடத்தில் அதே நிஹாத் மேல்கம்பத்தின் அடியில் உரசும்படி இன்னொன்று. 2-3. அதற்கும் பிறகு துருக்கிக் கோல்கீப்பர் வோல்கன் கொல்லரைத் தள்ளிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்க, முன்கள வீரர் துன்சாய் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். கோல்கீப்பர் அல்லாதவர் கோலுக்குள் நிற்கிறார், எதிரே கொல்லர் நிற்கிறார், நேரம்தான் இல்லை. ப்ரூக்னரின் ஆறாண்டுப் பணி அங்கே முடிந்தது.

அடுத்த மாதமே ஆஸ்திரியா அவரைக் கூப்பிட்டது. 2010 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில், வியன்னாவில் பிரான்சை 3-1 என்று வென்றார். நாலு நாள் கழித்து லிதுவேனியாவிடம் 0-2. அடுத்த மாதம் ஃபாரோ தீவுகளோடு 1-1. செர்பியாவிடம் 1-3. ஏழு ஆட்டத்தில் ஒரே வெற்றி. 2009 மார்ச்சில், 69 வயதில், அனுப்பிவிட்டார்கள். இதை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. பல ஆண்டு ஒரே ஆட்களை இளைஞர் அணியிலிருந்தே வளர்த்து வேலை வாங்குபவர் அவர். முகம் தெரியாத அணியை எட்டு மாதத்தில் நிமிர்த்துபவர் அல்ல.

அவர் விட்டுப்போன செக் அணிக்கு அதே தகுதிச்சுற்றில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பீட்டர் செக், ரொசிட்ஸ்கி, பாரோஷ், உய்ஃபலுஷி, யான்குலொவ்ஸ்கி, பிளாஷில் எல்லோரும் அப்போதும் நல்ல கிளப்புகளில் இருந்தவர்கள்தான். 2009 ஏப்ரலில் பிராகிலேயே ஸ்லோவாக்கியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். பயிற்சியாளர் பீட்டர் ராடாவை நீக்கினார்கள். அடுத்து வந்த ஸ்த்ராகா ஒரே ஒரு ஆட்டம் நின்றார், அதற்கடுத்து ஹஷெக். ஒரே தகுதிச்சுற்றுக் காலத்தில் மூன்று பயிற்சியாளர்கள். குழுவில் முதலிடம் ஸ்லோவாக்கியாவுக்கு, இரண்டாமிடம் ஸ்லோவேனியாவுக்கு, செக் குடியரசுக்கு மூன்றாமிடம்.